வெட்டிப்போன 13 அடி

படகுக்குப் பின்பக்கமே இல்லை. முதல் நாள் என் கண்ணில் பட்டது அதுதான். நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்தின் பழுதுபார்ப்புக் கூடம் 2011இல் திறந்தது. அதற்குப் பிறகுதான் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். எனக்கு முன்பே அங்கே வேலை செய்தவர்கள் எடுத்து வைத்திருந்த படங்களையும் காட்டினார்கள். கூரிய முகம், அகன்ற வயிறு, அதன்பின் அரிவாளால் சீவியதுபோல ஒரு தட்டையான முடிவு. அதுதான் பி.டி.-305.

பி.டி. என்பது டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் குண்டு, ஏந்திய சிறு ரோந்துப் படகு. நீளம் 78 அடி. 12 சிலிண்டர் பேக்கார்ட் பெட்ரோல் எஞ்சின்கள் மூன்று, வேகம் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) அளவுக்கு. ஆண்ட்ரூ ஹிக்கின்ஸின் நிறுவனம் இதே நியூ ஆர்லியன்ஸில் கட்டியது. நார்மண்டிக் கரையில் வீரர்களை இறக்கிய சமதள முகப்புப் படகுகளைக் கட்டியவர்களும் அவர்களேதான். 305 மத்தியதரைக் கடலில் போரிட்டு எதிரிக் கலங்கள் மூன்றை மூழ்கடித்தது.

போர் முடிந்ததும் விற்றுவிட்டார்கள். நியூயார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியது, பிறகு செசபீக் விரிகுடாவில் சிப்பி அள்ளியது. 65 அடிக்கு மேற்பட்ட படகுகளுக்குக் கடலோரக் காவல்படையின் விதிகள் கடுமையாக இருந்ததால், ஒரு உரிமையாளர் பின்பக்கத்தில் 13 அடியை வெட்டி எறிந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிப்பி அள்ளி வயிறு வளர்த்த படகு என்பதால்தான் அது அழியாமல் தப்பியது. போர் முடிந்ததும் பசிபிக்கில் இருந்த பி.டி. படகுகளில் பெரும்பாலானவற்றைக் கடற்படையே கரையில் குவித்துத் தீவைத்துவிட்டது.

என் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. சனிக்கிழமை இரவு இங்கே, அங்கே ஞாயிறு காலை, அப்போதுதான் பேசுவோம். படகைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பலகைக்கு இடையில கலப்பத்து என்ன அடிச்சிருக்கான்?" என்பது. தோணியில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைப்பார்களே, அது. இதில் அந்த வேலையே இல்லை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. நானும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பி.டி. படகு ஒட்டுப்பலகையால் ஆனது என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. மகோகனிப் பலகைகளை இரண்டு அடுக்காக, வங்குகளின் (படகின் விலா எலும்புபோன்ற சட்டங்கள்) மேல் சாய்வாக அடித்திருப்பார்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவே பசையில் ஊறிய கித்தான் துணி இருக்கும். பலகை ஊற, துணி இறுகும். மொத்த உடலும் ஒரே ஓடுபோல ஆகிவிடும். பழைய பலகை ஒன்றைக் கழற்றியபோது அந்தத் துணி என் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆனால் அதன் நெசவு பலகையின் உட்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. எழுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண்ணோ ஆணோ அந்தத் துணியைக் கையால் நீவி விரித்திருப்பார்கள். கொஞ்ச நேரம் அந்தப் பலகையைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இனி அந்த 13 அடி. கையில் ஹிக்கின்ஸ் காலத்து வரைபடங்கள் இருக்கின்றன, அளவைப் பார்த்து மரத்தை அறுத்து மாட்டினால் தீர்ந்தது என்றுதான் சேரும்போது நினைத்திருந்தேன். நான் இயந்திரப் பொறியாளன், எண்கள்தான் என் தொழில். ஆனால் எழுபது வருடம் வாழ்ந்த மரப்படகு எண்களுக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. நடுவில் தாங்கல் கிடைத்து இரு முனைகளும் தொங்கினால் ஏராவே, அதாவது படகின் அடிமுதுகெலும்பே, வளைந்துவிடும். அந்த வளைவோடு புதுப் பின்பக்கத்தைச் சேர்த்தால் கோணலை நிரந்தரமாக்கியதாகிவிடும். அதனால் நீளவாக்கில் கயிறு கட்டி, அளந்து, தாங்குகட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியும் தாழ்த்தியும் முதலில் உடலை நேராக்க வேண்டும். மரத்துக்கு அவசரம் ஆகாது. ஒரு திருகு திருப்பிவிட்டு அடுத்த வாரம்வரை காத்திருப்பதும் வேலைதான்.

வளைவுகளைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எண்பதை நெருங்கிய ஒரு தச்சர். மெல்லிய நீண்ட மரச்சட்டம் ஒன்றை வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்து, தலையைத் தாழ்த்தி ஒற்றைக் கண்ணால் அதன் ஓரமாகப் பார்ப்பார். எங்கே ஒரு வங்கு துருத்துகிறதோ அங்கே சட்டம் முட்டும், எங்கே பள்ளமோ அங்கே வெளிச்சம் தெரியும். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, துருத்தும் இடத்தை மட்டும் இழைப்புளியால் சீவச் சொல்வார். சீவி, வைத்து, பார்த்து, மறுபடி சீவி. ஒரு சனிக்கிழமை முழுக்க நான்கு வங்குகள்தான் முடிந்தன.

இதை வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ஏலே, அது நம்ம மூங்கி வளைச்சுப் பாக்குறதுதான். வரைபடமே இல்லாம எத்தன தோணிக்கு நான் பாத்திருக்கேன்," என்றார். பிறகு, "அவருக்கு ஊரு எது?" என்று கேட்டார். லூசியானாக்காரர் என்றேன். அதன்பின் ஒவ்வொரு வாரமும் அவரைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்.

உதிரிபாகங்களின் கதை வேறு. புதிதாக வாங்க எந்தக் கடையும் இல்லை. பழைய கிடங்குகளிலிருந்தும் யார் யாருடைய கொட்டகைகளிலிருந்தும் வருவதைச் சுத்தம் செய்து, பயன்படாததைப் பார்த்து அதேபோல நாங்களே செய்துகொள்ள வேண்டும். என்னிடம் வந்தது கல்லாக இறுகிப்போன ஒரு வால்வு. வேகமாகப் போகும்போது எஞ்சின் புகை நேராக வெளியேறும். இரவில் எதிரியை நெருங்கும்போது இப்படிப்பட்ட வால்வை மூடிப் புகையைத் தண்ணீருக்கடியில் திருப்பிவிடுவார்கள், உறுமல் அடங்கிவிடும். பதினேழு வயதுப் பையன்களும் இருந்த கப்பற்படையில், அந்த அமைதிதான் அவர்களுடைய கவசம். ஏனென்றால் படகின் மரத்தை எந்தக் குண்டும் துளைக்கும், உள்ளேயோ ஆயிரக்கணக்கான லிட்டர் பெட்ரோல்.

அந்த வால்வைத் திறக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. எண்ணெய் விட்டு ஊறவிடுவது, சூடாக்குவது, ஆறவிடுவது, மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுவது. மூன்றாம் வாரம் பொறுமை இழந்து நீளக் குழாய் மாட்டி நெம்பினேன். தண்டு முறிந்தது. யாரும் திட்டவில்லை. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த ஓய்வுபெற்ற ஒருவர் புதுத் தண்டு கடைந்து கொடுத்து, மீதியைத் திறக்கும்வரை என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், ஒரு லட்சம் மணி நேரத்துக்கும் மேல் உழைத்திருக்கிறோம். பயணிகளை ஏற்றும் திட்டம் இருந்ததால் கடலோரக் காவல்படையின் இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கும் படகு உட்பட வேண்டியிருந்தது. 1943ஆம் ஆண்டுப் படகுக்குள் இன்றைய தீயணைப்பு ஏற்பாட்டைக் கண்ணுக்கு உறுத்தாமல் ஒளித்து வைப்பது அவ்வளவு லேசல்ல. சிலருக்கு அது பிடிக்கவில்லை, அசல் கெடுகிறது என்றார்கள். ஓடாத அசலைவிட ஓடும் படகு மேல் என்பதே என் கட்சி.

2016 நவம்பரில் படகைத் தெருவழியே இழுத்துச் சென்று, மிசிசிப்பிக் கரையில் கிரேனால் தூக்கி மிதவைமேல் ஏற்றி, கால்வாய் வழியாகப் பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கம்பியில் தொங்கியபோது முழு 78 அடியையும் கீழிருந்து ஒரே பார்வையில் பார்த்தேன். எது பழசு, எது நாங்கள் சேர்த்தது என்று தெரிந்த எனக்கே இணைப்பு எங்கே என்று சட்டெனப் பிடிபடவில்லை.

தண்ணீரில் இறங்கியபின் ஒரு நாள் டார்ச்சோடு பின்பக்கத்துக்குள் தவழ்ந்து போனேன். பழைய மரமும் புது மரமும் சேரும் இடத்தில் முடியளவுக்கு ஒரு ஈரக்கோடு மின்னியது. விரலை வைத்து முகர்ந்தேன், ஏரித் தண்ணீர். பலகை ஊற நேரம் வேண்டும் என்று தெரிந்திருந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பாவை அழைத்தேன். "ரெண்டு நாளு பொறு, மரம் குடிக்கட்டும்," என்றார்.

மூன்றாம் நாள் மறுபடி தவழ்ந்து போய் அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.