ஒற்றை ஆள் அடுப்படிக்கு மளிகை

ஜூன் 1, 2025, ஞாயிறு

அண்ணன் மகனுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. காட்பாடி காந்தி நகரில், எங்களுக்கு அடுத்த தெருவிலேயே ரூம் கிடைத்துவிட்டது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, நானே பொங்கிக்கொள்கிறேன் என்கிறான். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் போனில் எழுதி வைத்திருந்த மளிகைப் பட்டியலைப் பார்த்தால் கசகசா, கல்பாசி, சோயா சாஸ், நாலு வகை மாவு என்று நீண்டுகொண்டே போகிறது.

"அத்தே, இதெல்லாம் இருந்தாதான சமையலு?"

"இந்த வாரம் இன்னா ஆக்கித் தின்னப் போற? அத மொதல்ல சொல்லு."

சாதம், பருப்பு, ரசம், தக்காளி தொக்கு, முட்டை, ரவை உப்புமா, ஏதாவது ஒரு பொரியல் என்றான். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்னென்ன வேண்டும் என்று எழுத வைத்தேன். எண்ணெய், கடுகு, வெங்காயம், தக்காளி, மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு என்று அதே சாமான்கள் திரும்பத் திரும்ப வந்தன. முதல் மளிகை அவ்வளவுதான். கல்பாசி எந்த வரியிலும் வரவில்லை, அடித்துவிட்டான்.

புதிதாகக் கரண்டி பிடிக்கிற எல்லாரும் இந்த வரிசையில் போக வேண்டும் என்பது என் கட்சி. சாப்பாடு முதலில், சாமான் பிறகு.

ஜூன் 2, திங்கள்

சாயங்காலம் வேலூர் லாங் பஜார். ஆரணி, களம்பூர் பக்கத்து அரிசி நமக்குக் கைக்கெட்டும் தூரம். புழுங்கலரிசி, பழையது, 5 கிலோ. புது அரிசி தண்ணீர் குறைவாகக் கேட்கும், கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். பழைய அரிசி தண்ணீர் தாங்கும், உதிரியாக வரும், கை பழகாதவனுக்கு அதுதான் தோது. ஒரு வேளைக்கு 100 கிராம் என்று வைத்தால் ரெண்டு வேளை பொங்கினாலும் 25 நாள் ஓடும். சிப்பமாக 25 கிலோ எடுத்தால் விலை குறையும்தான். ஒற்றை ஆள் ரூமில் அதை வண்டுதான் தின்னும்.

துவரம்பருப்பு ஒரு கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ. வேலை விட்டுக் களைத்து வருகிற நாளுக்குப் பாசிப்பருப்பு. ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் வெந்துவிடும்.

எண்ணெய்க்கு நம் ஊரில் யோசனையே வேண்டாம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற பூமி இது. செக்கு மல்லாட்டை எண்ணெய் அரை லிட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஒரே எண்ணெயில் தாளிப்பும் ஆகும், பொரியலும் ஆகும், தோசையும் ஆகும். வேலூர் வெயிலில் அடுப்போரம் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

பாத்திரம். மூன்று லிட்டர் குக்கர், இரும்பு தோசைக்கல், இரும்பு வாணலி, ரசத்துக்கு ஒரு எவர்சில்வர் குண்டான், கத்தி, பலகை, கரண்டி, இடுக்கி. மிக்ஸி அடுத்த சம்பளத்துக்கு.

புது வாணலியை வடிகஞ்சி ஊற்றி ஒரு ராத்திரி வைத்திருந்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தைக் கருக வதக்கிக் கொட்டினோம். அதில் புளிக்குழம்பு மட்டும் வைக்கக் கூடாது. இரும்பு வாடை ஏறும், குழம்பும் கறுத்துப் போகும்.

ஜூன் 7, சனி

இன்று அஞ்சறைப் பெட்டி. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள்தூள். பருப்பு ரெண்டும் கால் கால் கிலோ, மற்றதெல்லாம் ஐம்பது, நூறு கிராம்தான். கூடவே கட்டிப் பெருங்காயம், காய்ந்த மிளகாய், கல் உப்பு, புளி. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தனித்தனியாக வாங்க வைத்தேன். சாம்பார் பொடி பாக்கெட்டை வாங்கினால் காரம் கடைக்காரர் கையில். தனித்தனியாக இருந்தால் இவன் கையில்.

தாளிப்பதை இவன் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணெய் காய்வதற்குள் எல்லாவற்றையும் சேர்த்துப் போடப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது அடியில் சும்மா கிடந்தால் காத்திரு. சட்டென்று மேலே வந்து வெடித்தால் மீதியைப் போடு. படபடப்பு அடங்குகிற நேரத்தில் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறத்துக்குத் திரும்பும்போதே மிளகாய், பெருங்காயம். கறிவேப்பிலை கடைசியில், ஈரம் துடைத்து. பருப்பு முழுக்கச் சிவக்கட்டும் என்று நின்றால் வாணலிச் சூட்டிலேயே கருகிவிடும். ரெண்டாவது தரம் அவனே தனியாகத் தாளித்தான். வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது.

ஜூன் 11, புதன்

"அத்தே, அஞ்சு விசில் வுட்டேன். பருப்பு கல்லாட்டம் கீது" என்று ராத்திரி போன்.

போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். உப்புத் தண்ணீரில் துவரை லேசில் மசியாது. குடிக்கப் பிடித்து வைக்கிற காவிரித் தண்ணீரையே பருப்புக்கும் ஊற்று, அரை மணி நேரம் ஊற வை என்றேன். பருப்பு நன்றாக மசிந்த பிறகுதான் புளியும் தக்காளியும். புளிப்பு முந்திக்கொண்டால் அதற்கப்புறம் எத்தனை விசில் விட்டும் பிரயோசனமில்லை. இந்தத் தண்ணீர் விஷயத்தை எந்தப் பட்டியலும் சொல்லாது. நம் பக்கத்தில் குடிவருகிறவர்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ரூமில் ஃபிரிட்ஜ் இல்லை. அதனால் காய் ரெண்டு நாளைக்கு மேல் வாங்க வேண்டாம். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். வெங்காயம் ஒரு கூடை, உருளைக்கிழங்கு வேறு கூடை, சேர்த்துப் போட்டால் ரெண்டும் சீக்கிரம் கெடும். ரவையை வாங்கின அன்றே வறுத்து, ஆற வைத்து டப்பாவில் போட்டால் பூச்சி அண்டாது. தோசை மாவு மட்டும் அன்றன்றைக்குக் கடையில். இந்த வெக்கையில் காலை மாவு மதியத்துக்குள் பொங்கி வழியும்.

நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வந்திருந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின நம் மாவட்டத்துக் காய். கால் கிலோ எடுத்தோம். பிஞ்சாக, காம்பு பச்சையாக, முள் குத்துகிறதா என்று தொட்டுப் பார்த்து எடுக்க அவனுக்கே சொல்லிக் கொடுத்தேன். மல்லாட்டை எண்ணெயில் வதக்கி, மிளகாய்த்தூள், உப்பு. வேறு எதுவும் கேட்காத காய்.

ஜூன் 22, ஞாயிறு

டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்தோம். தீர்ந்தது: எண்ணெய், முட்டை, வெங்காயம். பாசிப்பருப்பு அடியில் ஒரு பிடி. வெந்தயமும் கடலைப்பருப்பும் வாங்கினபடியே இருக்கின்றன. இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம். பாசிப்பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர் என்று அவனே எழுதினான்.

கேழ்வரகு மாவும் ஒரு கிலோ சேர்த்துக்கொண்டான். களி கிண்ட நான் கற்றுத் தர வேண்டுமாம். அடுத்த வாரம் கூட வேலை செய்கிற பையன்கள் ரெண்டு பேர் சாப்பிட வருகிறார்கள், ஆம்பூர் பிரியாணி மாதிரி செய்யலாமா என்று கேட்டான். தாராளமாக. சீரகச் சம்பா அரை கிலோ, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சின்னப் பொட்டலம். காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைக்க வேண்டும், அதற்கு என் மிக்ஸியை எடுத்துக்கொண்டு போகட்டும். கறி மட்டும் அன்றைக்குக் காலையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.