ஐந்து மாத ஜிம்மும் தையல்கார அக்காவின் அளவு நோட்டும்

ஆறாவது வாரம் எடை மெஷினில் ஏறி நின்றபோது 72.3 காட்டியது. ஜூனில் சேர்ந்த அன்று 71.4. காலை நான்கரைக்கு எழுந்து, பிள்ளைக்கு டிபன் கட்டி வைத்துவிட்டு, வாரம் நான்கு நாள் தவறாமல் போய் டம்பெல் தூக்கியதற்கு 900 கிராம் கூடியிருந்தது. ட்ரெய்னர் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டே, "என்னங்கக்கா, வீட்ல நல்லா சாப்பிடறீங்களா?" என்றார். சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரம் எடை ஏறலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் எனக்கு மூன்று வாரம் வீணாகியிருக்காது.

பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அதில் நுண்ணிய காயங்கள் ஏற்படும். அவை ஆறும்வரை அங்கே தண்ணீர் தேங்கும். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்கிறதே, அது இந்த வேலை நடக்கும்போது வருவதுதான். இது போக, தசை தன் தேவைக்கு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். ஒரு கிலோ ஏற இதுவே போதும். இதில் கொழுப்பு ஏறியதாக ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

எனக்கு அப்போது இது தெரியாது. ட்ரெய்னர் சொன்னபடி இரவுச் சோற்றை நிறுத்தினேன், சப்பாத்தியையும் நிறுத்தினேன், வெயிட் தூக்குவதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் மட்டும் நடந்தேன். மூன்று வாரத்தில் 2.1 கிலோ இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாள் சாதாரணமாகச் சாப்பிட்டேன், அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது. போனதில் பெரும்பகுதி அந்தக் கிளைகோஜனும் தண்ணீரும்தான். வந்ததும் அதுவேதான். ஆனால் முன்பு பத்து முறை தூக்கிய எடையை ஆறு முறைக்கு மேல் தூக்க முடியாமல் கை நடுங்கியது. சம்பாதித்ததில் கொஞ்சம் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு எடை குறைக்கிறேன் என்று சொல்லி யார் வெயிட் தூக்குவதை நிறுத்தச் சொன்னாலும் நான் கேட்பதில்லை.

அடுத்தது அந்த பாடி அனாலிசிஸ் மெஷின். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுக்குமே, அதுதான். முதல் முறை கொழுப்பு 38.6 சதவீதம். பத்தாவது வாரம் 40.9. ஜிம் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது: அன்று ஆபீசில் ஆடிட், காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தேன். அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. மின்சாரம் தண்ணீர் நிறைந்த தசையில் எளிதாகப் போகும், கொழுப்பில் சிரமப்படும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கொழுப்பு கூடியதாகவே காட்டும். பார்ப்பதானால் எப்போதும் ஒரே நேரத்தில், காலை வெறும் வயிற்றில், பாத்ரூம் போய்விட்டு, பயிற்சிக்கு முன்னால் பாருங்கள். அப்போதும் ஒரு தடவை வந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அந்த மெஷின் மேல் இருந்த கோபத்தில் உடம்பில் எலும்பு, கொழுப்பு, தசை எவ்வளவு என்று எக்ஸ்ரே வைத்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தே தீருவது என்று கிளம்பினேன். கோவையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு போன் செய்து, டெக்ஸா இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குங்க, வாங்க" என்றார்கள். அரை நாள் லீவு போட்டு, பொள்ளாச்சியில் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால், கவுண்டரில் இருந்த பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க எலும்பு மட்டும்தான் மேடம். இடுப்பும் முதுகும். டாக்டர் லெட்டர் எங்க?" முழு உடம்புக்கும் கொழுப்பு, தசை அளவு எடுக்க மாட்டார்களாம். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே" என்றார். லெட்டர் இருந்திருந்தாலும் வேலைக்கு ஆகியிருக்காது. போகிறவர்கள் போனிலேயே, "முழு உடம்புக்கும் கொழுப்பு, தசை எவ்வளவு என்று ரிப்போர்ட் தருவீர்களா? டாக்டர் லெட்டர் வேண்டுமா?" என்று இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். டெக்ஸா பல இடங்களில் எலும்பு அடர்த்தி பார்க்கத்தான் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் போனில் படித்த ஒரு விஷயம்தான் அன்றைய பயணத்தில் கிடைத்த லாபம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தும் உள்ளே இவ்வளவு வித்தியாசம். நம் ஆட்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்வது சகஜம் என்பதால்தான், வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இங்கே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு உண்மையைச் சொன்னது தையல்கார அக்கா. தீபாவளிக்கு சுடிதார் தைக்கக் கொடுத்தபோது, வைகாசிக் கல்யாணத்துக்குத் தைத்த பழைய அளவையே போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். கோடு போட்ட அந்த நீள நோட்டில் என் பெயருக்குக் கீழே பழைய அளவுகள் நீல மையில் இருந்தன. பக்கத்தில் பென்சிலால் புதிது எழுதினார். இடுப்பு 37 இன்ச் இருந்தது, இப்போது முப்பத்தஞ்சரை. தோள்பட்டை அரை இன்ச் கூடுதல். கைச்சுற்று கால் இன்ச் கூடுதல். தொடை அப்படியே. "என்ன கண்ணு, வயிறு உள்ள போயிருக்கு, கை மட்டும் இறுகிக் கெடக்கு?" என்று என் மேற்கையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அன்று காலை ஜிம்மில் எடை 71.1. நான்கு மாதத்தில் குறைந்தது வெறும் 300 கிராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொழுப்பை விட தசை எடை கூடுதல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு கிலோ எதுவானாலும் ஒரு கிலோதான், அது அடைக்கிற இடம்தான் வேறு. ஒரு லிட்டர் கொழுப்பு ஏறக்குறைய 900 கிராம், ஒரு லிட்டர் தசை 1,060 கிராம். எனக்கு மூன்று கிலோ கொழுப்பு போய், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக தசையும் தண்ணீரும் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், எடை மெஷினில் ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பின் பரிமாணத்தில் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருக்கும். ஒரு ஆவின் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். கொழுப்பு என்று ஒரு பெரிய மஞ்சள் உருண்டைக்குப் பக்கத்தில், தசை என்று சின்னச் சிவப்பு உருண்டையை வைத்துப் படம் போடுகிறார்களே, அவ்வளவு வித்தியாசமெல்லாம் கிடையாது. அரை லிட்டர் மட்டும் குறைந்து ஒன்றரை இன்ச் உள்ளே போகாது. போன இடமும் வந்த இடமும் வேறு வேறு, அதுதான் பெரிய காரணம். கொழுப்பு கணிசமாக வயிற்றிலிருந்து போயிருக்கிறது. தசை தொடையிலும் முதுகிலும் தோளிலும் கையிலும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் என் பழைய பேன்ட் தொடையில் பிடித்தது. குண்டாகிறேன் என்று நினைத்து அழுதேன். அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் தயவு செய்து விட்டுவிடாதீர்கள்.

டேப்பிலும் ஒரு தப்பு செய்தேன். ஒருநாள் தொப்புளுக்கு மேல், ஒருநாள் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்துவிட்டு இரண்டு சென்டிமீட்டர் கூடியதாகப் பயந்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். எடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ முன்பின் ஆவது சாதாரணம். ஊறுகாய் அப்பளம் தின்ற மறுநாளும், மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் எனக்கு அதற்கு மேலும் ஏறியிருக்கிறது. எடை, வயிற்றுச் சுற்று இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தே ஏறினால் அது தசை இல்லை. சாப்பாட்டைப் பாருங்கள், டாக்டரிடமும் போங்கள்.

சாப்பாட்டில் நான் செய்த மாற்றம் பெரிதில்லை. சோறு ஒரு கரண்டி குறைந்தது, முட்டை இரண்டு, சுண்டல் ஒரு கிண்ணம், இரவு தயிர் வந்தது.

இப்போது ஐந்து மாதம் முடிந்து எடை 68.9, வயிறு 88 சென்டிமீட்டர். 80-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. போன வாரம் சிலிண்டர் போடுகிறவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது வரும். எப்போதும் உருட்டித்தான் கொண்டுபோவேன். அன்று முதுகை நேராக வைத்து, குந்தி, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அடுப்படி வரை கொண்டுபோய் வைத்தேன். பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தான். வைகாசியில் தைத்த ஜாக்கெட் இரண்டையும் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், கைப்பகுதித் தையலைப் பிரித்துத் தளர்த்திவிட்டு இடுப்பைப் பிடித்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.