கொழும்புத்துறைச் சேற்றில் ஊரிகள்: நாட்குறிப்பு

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

அதிகாலையில் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் நீர் வற்றியிருந்த வேளை பார்த்துச் சேற்றில் இறங்கினேன். கடலோடு இணைந்த உப்பேரியான பரவைக்கடல் ஆழமற்றது என்பதால், நீர் சற்றே பின்வாங்கினாலும் சேற்றுவெளி நெடுந்தூரம் வெளித்துவிடுகிறது. அதன்மேல் எங்கு பார்த்தாலும் ஊரிகள். ஓரடிச் சதுரத்துள் எண்ணத் தொடங்கியவன் நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். சிறு நத்தைகள் பலவற்றையும் நாம் ஊரி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். நான் தொடர விரும்புவது அவற்றுள் ஒன்றை மட்டும்: பிரெனெல்லா சிங்குலாட்டா. 1791இல் ஜேர்மன் இயற்கையியலாளர் கிமெலின் இதனை மியூரெக்ஸ் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பிற்காலத்தில் செரித்திடியா என்ற பேரினப் பெயரே நெடுநாள் வழங்கியது. சிங்குலாட்டா என்ற இலத்தீன் சொல்லுக்கு அரைக்கச்சை கட்டியது என்று பொருள்.

அந்தப் பெயரின் பொருத்தம் ஓட்டைக் கழுவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் வரை நீண்டு கூம்பும் இவ்வோட்டின் ஒவ்வொரு சுற்றிலும் நெடுக்காக எழும் விலா வரம்புகளைச் சுருள் பள்ளங்கள் குறுக்கே வெட்டுவதனால், மணி கோத்ததுபோல மூன்று வரிசைகள் உருவாகின்றன. அவற்றினிடையே கபில நிறப் பட்டிகள் ஓடுகின்றன. முதிர்ந்த ஓட்டில் வாயின் வெளியுதடு விரிந்து தடித்திருக்கிறது. இளையதில் அது மெல்லியதாகவே உள்ளது. நான் எடுத்த முதிர்ந்த ஓடுகள் அனைத்திலும் நுனி அரிக்கப்பட்டு மழுங்கியிருந்தது. நத்தை தன் பிறப்பில் கட்டிய முதற் சுற்றுகளை ஒன்றிலேனும் காண முடியாமற்போனது எனக்குக் குறையாகவே பட்டது.

2024 ஓகஸ்ட் 13, செவ்வாய்

ஊரி ஓட்டின் நுனியை மேலாகவும் வாயை நம்மை நோக்கியும் பிடித்தால் வாய் வலப்பக்கம் அமைகிறது. உயிரியலாளர் இதை வலச்சுருள் என்பர். சங்கை நம்மவர் பிடிப்பதுபோல நுனியைக் கீழாக்கிப் பிடித்தால் வாய் இடப்பக்கம் வந்துவிடுகிறது. எனவே, நமது வழக்கின்படி இந்த ஊரி இடம்புரி. நாம் அரிதெனப் போற்றும் வலம்புரிச் சங்கு அவர்களுடைய கணக்கில் இடச்சுருள். இரு வழக்குகளும் தத்தம் அளவில் சரியானவை. மாணவர் குழம்பாதிருக்க ஆசிரியர்கள் இதை ஒருமுறை சங்கைக் கையில் வைத்தே காட்டவேண்டும்.

2024 செப்ரெம்பர் 1, ஞாயிறு

வெயிலில் பரவைக்கடலின் உப்பு ஏறியிருக்கிறது. வரண்டு வெடித்த மேட்டில் ஊரிகள் அசையாது கிடந்தன. மெல்லிய நீர்ப்படலம் எஞ்சியிருந்த பள்ளத்திலோ ஒவ்வொன்றும் தன் பின்னே ஒரு கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. சேற்றின் மேற்படையில் வளரும் நுண்பாசிகளையும் மக்கிய துணுக்குகளையும் அவை மேய்கின்றன. கண்டல் இலை மக்கிச் சேர்வதும், நீர் வந்து போவதும், சேறு இறுகாதிருப்பதும் கூடிவந்தால்தான் இந்த மேய்ச்சல் நிலம் நிலைக்கும். அசையாதிருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வட்டமான, மெல்லிய, கபில நிற மூடி வாயை அடைத்திருந்தது. அதன்மேல் நடுவிலிருந்து விரியும் நெருங்கிய சுருள் வரைகள் இருந்தன. உள்ளே ஈரத்தைக் காத்து, நீர் திரும்பும்வரை உயிர் பொறுத்திருக்கிறது.

வலையைத் தோளிலிட்டு வந்த முதியவர் ஒருவர் நின்று கேட்டார்: "உது வெறும் ஊரியெல்லோ தம்பி, உதைப் பொறுக்கி என்ன செய்யப் போறியள்?" மூடியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

2024 ஒக்ரோபர் 20, ஞாயிறு

சேற்றுவெளியின் ஒரு மூலையில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டியிருக்கிறார்கள். அதன் விளிம்பில் இருந்தவை பெரும்பாலும் வெற்றோடுகள். சிலவற்றில் துறவி நண்டுகள் குடியேறியிருந்தன. மனம் மிக வருந்தியது. இங்கே அழிவது நத்தை மட்டுமன்று. சில தட்டைப்புழுக்கள் தம் இளம்பருவத்தை இந்நத்தையின் உடலுள் கழித்து, அதன் இனப்பெருக்க உறுப்பையே தின்று, பின் மீனிலும் நண்டிலும் தங்கி, அவற்றை உண்ணும் பறவையின் குடலில் முதிர்கின்றன. முட்டைகள் எச்சத்தோடு மீண்டும் சேற்றுக்கே வந்து சேர்கின்றன. ஒட்டுண்ணி என்று அருவருக்கிறோம், ஆனால் அது இருக்கும் இடத்தில் பறவையும் மீனும் நத்தையும் இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

2024 டிசெம்பர் 8, ஞாயிறு

பெருமழைக்குப் பின் இன்றுதான் இறங்க முடிந்தது. நீரை நாவில் வைத்துப் பார்த்தேன். உப்புச் சுவை மிகக் குறைந்திருந்தது. பெரிய ஊரிகள் பல மூடியை இறுக்கிக் கிடந்தன. கண்டல் வேர்களின் அருகே சேற்றைக் கையில் அள்ளி உருப்பெருக்கியால் பார்த்தபோது, எள்ளினும் சற்றே பெரிய ஓடுகள் சில தென்பட்டன. முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதந்து திரிந்த இளவுயிர்கள் அண்மையில்தான் சேற்றில் இறங்கியிருக்கவேண்டும். வெளியுதடு இன்னும் விரியவில்லை, மணிகளும் தெளியவில்லை. நுனி மட்டும் அரிப்பின்றி, முதற் சுற்று வரை முழுமையாக இருந்தது. பார்த்தபின் சேற்றை எடுத்த இடத்திலேயே மெல்லப் பரப்பிவிட்டேன்.