ஃபின்லாந்து கேள்வி: எந்தப் போர் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்

ரிசல்ட் வந்தாச்சு. ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் ஃபின்லாந்தின் போர்க்கால தேசியமும் மதமும் பற்றிய நெடுவினாவில் நன்றாகப் படித்தவர்களே சறுக்கியிருக்கிறார்கள். மூன்று போர்களையும் ஒரே குழம்பாக்கியதுதான் காரணம். 1939-இன் ஒற்றுமையை 1941-க்கு ஏற்றினால் மற்றது எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை நிற்காது.

ரஃப் பக்கத்தில் முதலில் இதைப் போடுங்கள்:

- 1918: உள்நாட்டுப் போர், வெள்ளையர் (சோசலிச எதிர்ப்புத் தரப்பு) எதிர் செந்தரப்பு (சோசலிசத் தொழிலாளர் தரப்பு)
- 1939 நவம்பர் 30 – 1940 மார்ச் 13: சோவியத் யூனியனுடன் குளிர்காலப் போர்
- 1941 ஜூன் – 1944 செப்டம்பர்: ஜெர்மனியோடு சேர்ந்து மீண்டும் சோவியத்துடன் தொடர்ச்சிப் போர்
- 1944–45: ஜெர்மானியருடன் லாப்லாந்துப் போர் (ஒரு வரி போதும்)

1918-ஐத் தாண்டிக் குதிக்காதீர்கள். லூத்தரன் பாதிரியார்கள் பெரும்பாலும் வெள்ளையர் பக்கம் நின்றார்கள். தோற்ற செந்தரப்பினரில் பலரை ஆலயக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கூட்டுக் குழிகளில் புதைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குச் சபைமீது கசப்பு இருபது வருடமாக ஆறவில்லை.

இனி மார்க் வாங்கித் தரும் இடம்: கல்லறை. குளிர்காலப் போரில் விழுந்த வீரரை முடிந்தவரை சொந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். போர்முனைக்குப் பின்னால் உடலைக் கழுவிச் சவப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். வீட்டுக்குச் செய்தி சொல்வது பெரும்பாலும் ஊர்ப் பாதிரியார் பொறுப்பு. அவர் வாசலில் ஏறினாலே வீட்டாருக்கு விஷயம் தெரிந்துவிடும். பிறகு ஆலயத்தை ஒட்டிய வீரர் கல்லறையில், பண்ணைக்காரர் மகனும் செந்தரப்புத் தொழிலாளி மகனும் ஒரே வரிசையில். தந்தைக்குக் கிடைக்காத மண் மகனுக்குக் கிடைத்தது. 1940 மே மாதம், வெள்ளையரின் வெற்றி அணிவகுப்பு நாளுக்குப் பதிலாக, இறந்தவர்களுக்கான நினைவு நாளைப் படைத்தலைவர் மன்னர்ஹெய்ம் அறிவித்தார். அதில் 1918-இல் இரு தரப்பிலும் இறந்தவர்களுக்கும் இடம் இருந்தது. 'மதம் மக்களை ஒன்றிணைத்தது' என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு பத்தி மேல்.

ஆனால் எல்லாவற்றையும் சபையின் கணக்கில் எழுதாதீர்கள். 1937-லிருந்தே சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சியில் பங்கு வகித்தது. 1940 ஜனவரியில் முதலாளிகள் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரியவர்களாக ஏற்றார்கள். இந்த இரண்டும் விடையில் கட்டாயம்.

1941-இல் தொனி மாறுகிறது. மன்னர்ஹெய்மின் படை ஆணையில் 'சிலுவைப்போர்', 'புனிதப் போர்' என்ற சொற்களே வருகின்றன. 1922-இல் தொடங்கிய தேசியவாத மாணவர் அமைப்பான கரேலியக் கல்விக் கழகத்தின் 'மகா ஃபின்லாந்து' கனவை (கிழக்குக் கரேலியாவையும் ஃபின்லாந்தோடு சேர்க்கும் கனவு) இங்கே சேருங்கள். சோவியத்திடமிருந்து பிடித்த கிழக்குக் கரேலியாவில், ஃபின்னியரின் இன 'உறவினர்' எனப்பட்டவர்கள் ஆர்த்தடாக்ஸ் மரபினர். அவர்களை லூத்தரன் ஆக்கப் பார்த்ததால் ஃபின்லாந்தின் ஆர்த்தடாக்ஸ் சபையோடு உரசல். அங்கிருந்த ரஷ்யர்களை முகாம்களில் அடைத்தார்கள்; நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். இதை விட்டால் விடை துதிபாடல் ஆகிவிடும்.

கூடுதல் பாயிண்ட்கள்:

- 1940-இல் வலாமோ ஆர்த்தடாக்ஸ் மடத்தின் துறவிகள் அதைவிட்டு ஃபின்லாந்தின் உட்பகுதியிலுள்ள ஹெய்னவெசிக்கு இடம்பெயர்ந்தது
- சோவியத்திடம் இழந்த பகுதியிலிருந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய அகதிகள். லூத்தரன் ஊர்களில் ஆர்த்தடாக்ஸ் அகதிகள் பட்ட பாடு
- ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்ட படையில் ஃபின்லாந்து யூத வீரர்கள், முனையிலேயே கள ஜெபக்கூடம். 1942 நவம்பரில் எட்டு யூத அகதிகளை ஜெர்மானியரிடம் ஒப்படைத்ததையும் அதே பத்தியில் எழுதுங்கள்

நேரம் மீந்தால் மட்டும் லோட்டா ஸ்வார்ட் மகளிர் அமைப்பும் கரேலியக் கழகமும் 1944-இல் கலைக்கப்பட்டதைச் சேர்க்கலாம்.