இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு வந்த டெலிரியம் (திடீர்னு வர்ற மனக்குழப்பம்)

அம்மாவுக்கு 76 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு திருநெல்வேலில ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணோம். ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. மறுநாள் பொழுது சாய்ஞ்சதும்தான் ஆரம்பிச்சது, யூரின் டியூபைப் பிடிச்சு இழுக்காங்க, "ஏட்டி, ஆச்சி வெளிய நிக்கா, கதவத் தொற"ன்னு சத்தம் போடுறாங்க, ஆச்சி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. என்னையே யாருன்னு கேட்டப்போ எனக்கு கை காலெல்லாம் உதறிடுச்சு. வார்டுல "வயசானா இப்படித்தாம்மா"ன்னு சொல்லி கையைக் கட்டிப் போட்டாங்க, கட்டினதும் இன்னும் வெறியாயிட்டாங்க.

அடுத்த நாள் அம்மா அமைதியாயிட்டாங்க, கூப்பிட்டா லேசா கண்ணைத் திறந்துட்டு மறுபடி மூடிக்கிட்டாங்க. எல்லாருக்கும் நிம்மதி. ஆனா முதியோர் டாக்டர் வந்து பாத்துட்டு, இதுவும் டெலிரியம்தான், கத்துறவங்களை எல்லாரும் கவனிச்சிருவாங்க, இப்படி சுருண்டு கிடக்குறவங்களைத்தான் விட்டுருவாங்கன்னு சொன்னார். கிழமையெல்லாம் ஞாயித்துக்கிழமைல இருந்து தலைகீழா சொல்லச் சொன்னார், அம்மாவால ரெண்டைத் தாண்ட முடியல.

காரணம் ஒண்ணு இல்ல. சோடியம் குறைஞ்சிருந்தது, யூரின்ல இன்ஃபெக்‌ஷன், மோஷன் போகல, போதாக்குறைக்கு தூக்கம் வரணும்னு ஆஸ்பத்திரில புதுசா அல்பிரசோலம் குடுத்திருக்காங்க. மயக்க மருந்தாலதான்னு சொந்தக்காரங்க அடிச்சுச் சொன்னாங்க, ஆனா அம்மாவுக்கு முதுகுல ஊசி போட்டுத்தான் பண்ணினாங்க, 2021ல வந்த பெரிய ஆய்வுகள்லயும் முழு மயக்கத்துக்கும் முதுகு ஊசிக்கும் இந்த விஷயத்துல பெரிய வித்தியாசம் தெரியலையாம். அந்த மாத்திரையை நிறுத்தி, டியூபை எடுத்துட்டு, கைக்கட்டை அவிழ்த்து, கண்ணாடியும் காது மிஷினும் மாட்டிவிட்டு, பகல்ல ஜன்னலோரம் உக்கார வச்சு, நானும் தம்பியும் மாறி மாறி கூடவே இருந்து இது எந்த ஊரு, இன்னைக்கு என்ன கிழமைன்னு பேசிக்கிட்டே இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சாங்க.

தெளிஞ்சதும் முடிஞ்சதுன்னு இல்லங்க. பாஸ்டன்ல 70 வயசு தாண்டின 560 பேரை ஆபரேஷனுக்கு அப்புறம் 6 வருஷம் வரைக்கும் பாத்திருக்காங்க, 2023ல வந்த முடிவுப்படி டெலிரியம் வந்தவங்களுக்கு ஞாபகமும் யோசனையும் குறையுற வேகம் மத்தவங்களை விட 40% அதிகம். டெலிரியமே மூளையைக் கெடுக்குதா, இல்ல ஏற்கனவே உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருந்த நோய் இப்படி வெளிய தெரியுதான்னு இன்னும் தீர்மானமாகல. எதுவா இருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரில டெலிரியம்ங்கிற வார்த்தையே இல்லாதது எனக்கு பெரிய கோவம், கேட்டுத்தான் எழுத வச்சேன்.

வீட்டுக்கு வந்தப்புறமும் பால்காரர் கணக்கு, மாத்திரை வேளையெல்லாம் அம்மாவுக்குக் குழம்பிச்சு, இப்போ கணக்கு பழையபடி பாக்குறாங்க, மாத்திரை மட்டும் நாங்க எடுத்து வைக்கிறோம். ஞாபக டெஸ்டுக்கு அப்பப்போ கூட்டிட்டுப் போறோம். அடுத்து கண்புரை ஆபரேஷன் இருக்கு, மயக்க டாக்டர்கிட்ட முதல்லயே அந்த சம்மரியைக் காட்டிட்டோம், தூக்க மாத்திரை வேண்டாம், காது மிஷினோடவே உள்ள கூட்டிட்டுப் போங்கன்னும் சொல்லிட்டோம், சரின்னுட்டார்.