பெக்கெட் எங்கே செத்தது: கெர்னல் நெட்வேர்க் புரொஜெக்ட் எடுக்க நினைக்கிறவர்களுக்கு

கடைசி வருடப் புரொஜெக்டுக்கு லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) நெட்வேர்க்கிங் எடுக்கலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று தம்பிமாரும் ஒரு தங்கச்சியும் கேட்டுவிட்டார்கள். எடுங்கள். ஆனால் நான் தொடங்கிய மாதிரித் தொடங்க வேண்டாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்தது, ஒரு ஐபி பெக்கெட்டை (நெட்வேர்க்கில் போகிற ஒரு துண்டு டேட்டா) இன்னொரு யூடிபி பெக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிற ஒரு சின்ன டனல் டிரைவர். உள்ளே வருகிற பெக்கெட்டுக்கு முன்னால் வெளி ஐபி ஹெடர் (முகவரி மாதிரியான விபரங்கள் இருக்கிற முன்பகுதி) 20 பைட், யூடிபி ஹெடர் 8 பைட், என்னுடைய சொந்த ஹெடர் 4 பைட், மொத்தம் 32 பைட் ஒட்ட வேண்டும், மறுபக்கத்தில் அதைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்கும்போது இரண்டு கிழமை வேலை மாதிரித் தெரியும். எனக்கு ஏழு மாதம் போனது, அதில் முதல் இரண்டு மாதத்தை நான் வீணாக்கினேன்.

எப்படி வீணாக்கினேன் என்றால், கெர்னலில் நெட் கோர் கோப்புறைக்குள் டெவ்.சி என்று ஒரு கோப்பு இருக்கிறது, பத்தாயிரம் வரிக்கு மேல். அதை முதல் வரியிலிருந்து பாடப்புத்தகம் மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து கொப்பியில் குறிப்பு எடுத்து எடுத்து வாசித்தேன். ஒரு மாதம் கழித்து யாராவது "ஒரு பெக்கெட் வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டிருந்தால் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கோப்பு கதை மாதிரி வாசிக்கிறதற்கு எழுதப்படவில்லை. ஒரு பெக்கெட்டின் பின்னால் போகும்போதுதான் அது விளங்கும்.

கொழும்பில் வேலை செய்கிற, எனக்கு இரண்டு பெட்ச் மூத்த அண்ணா ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். டச் பே கடற்கரையில் கச்சான் வாங்கிக்கொண்டு இருக்கும்போது, என் டிரைவரில் பெக்கெட் காணாமல் போகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று ஒரு அரை மணித்தியாலம் புலம்பினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏன் எண்டதை விடு. முதல்ல எங்க செத்தது எண்டு பார். இடம் தெரிஞ்சால் ஏன் எண்டது தானா வரும்." அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதமே மாறிவிட்டது. கீழே எழுதுவதெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

முதலில் உங்கள் இடத்தைத் தயார் பண்ணுங்கள். நீங்கள் பாவிக்கிற லெப்டொப்பின் கெர்னலிலேயே மொடியூலை (கெர்னலில் ஏற்றுகிற உங்கள் டிரைவரை) போட்டுச் சோதிக்க வேண்டாம், கெர்னல் பனிக் ஆனால், அதாவது கெர்னலே விழுந்து நின்றால், திறந்து வைத்திருந்த வேலையும் சேர்த்துப் போகும். கியூஇஎம்யு பாவியுங்கள், லெப்டொப்புக்குள்ளேயே இன்னொரு கொம்பியூட்டர் மாதிரி ஓடுகிற மென்பொருள் அது. கெர்னலைக் கட்டி (பில்ட் பண்ணி), கியூஇஎம்யுவில் ஏற்றி, சீரியல் கொன்சோலை டெர்மினலுக்கும் ஒரு கோப்புக்கும் திருப்பி விடுங்கள். விழுந்தால் சில செக்கனில் திரும்ப எழும்பும், அது விழும்போது சொன்ன கடைசி வார்த்தையும் கோப்பில் இருக்கும். விர்ட்மி-என்ஜி என்று ஒரு கருவி இருக்கிறது, அது உங்கள் லெப்டொப்பின் கோப்புகளையே வைத்துக்கொண்டு புதுக் கெர்னலை எழுப்பித் தரும், தனியாக டிஸ்க் இமேஜ் செய்யத் தேவையில்லை.

கட்டுகிற நேரத்தைக் குறைப்பதும் முக்கியம். உபுண்டு கொன்பிக்கை அப்படியே வைத்துக் கட்டினால் என் 4 ஜிபி லெப்டொப்பில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் தொடங்கியது 2022இல். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும், பேட்டரியில் இரண்டு மணித்தியாலக் கட்டல் நடக்கிற காரியமில்லை. லோக்கல்மொட்கொன்பிக் ஓடவிட்டுத் தேவையில்லாத டிரைவர்களைக் கழித்தேன், சின்னதாக இருக்கட்டும் என்று ஐபிவி6ஐயும் அணைத்தேன், ஒருதரம் கட்டியதைச் சேமித்து வைக்கிற சிகேஷையும் போட்டேன். அதன் பிறகு ஒரு கோப்பை மாற்றித் திரும்பக் கட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்கள் ஒரு நாளில் எத்தனை தரம் முயற்சி செய்கிறீர்கள் என்பதில்தான் இந்த வேலை நகரும்.

இரண்டு மெஷின் தேவையா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. ஒரே மெஷினில் இரண்டு நெட்வேர்க் நேம்ஸ்பேஸ் (ஒன்றையொன்று பார்க்காத தனித்தனி நெட்வேர்க் அமைப்பு) செய்து, நடுவில் ஒரு வீத் சோடியைப் போட்டால் அது இரண்டு கொம்பியூட்டரும் ஒரு கேபிளும் மாதிரித்தான்.

வாசிப்பதற்கு, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் நெட் என்பதில் டம்மி.சி என்று ஒன்று இருக்கிறது, அதில் தொடங்குங்கள். தன்னிடம் வருகிற பெக்கெட்டை எண்ணிவிட்டு எறிந்துவிடுகிற டிரைவர் அது. அனுப்புகிற ஃபங்ஷன் ஒரு சில வரிதான், ஆனால் ஒரு நெட்வேர்க் டிவைஸ் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பதிவாகிறது என்பது முழுக்க அதில் இருக்கிறது. அப்புறம் லூப்பெக், அப்புறம் வீத்.

சரி, எஸ்கேபி. கெர்னலுக்குள் ஒரு பெக்கெட் என்றால் அது எஸ்கேபி என்ற ஒரு ஸ்ட்ரக்ட்தான். இதை விளங்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம். நான் சிஆர் கொப்பியில் ஒரு நீளத் தாளை வெட்டி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். தாளின் இடது ஓரம் ஹெட், வலது ஓரம் எண்ட், இவை இரண்டும் அசையாது. நடுவில் இரண்டு பென்சில் கோடு: டேட்டா, டெய்ல். உண்மையான பெக்கெட் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஹெட்டுக்கும் டேட்டாவுக்கும் நடுவில் உள்ள வெற்றிடம்தான் ஹெட்ரூம். முன்னால் ஒரு ஹெடர் ஒட்ட வேண்டுமென்றால் எஸ்கேபி_புஷ் டேட்டா கோட்டை இடப்பக்கம் தள்ளும், எஸ்கேபி_புல் வலப்பக்கம் இழுக்கும், எஸ்கேபி_புட் டெய்லை வலப்பக்கம் நகர்த்தும். ஹெடர் ஒட்டுவது என்றால் பெக்கெட்டைக் கொப்பி பண்ணுவது இல்லை, கோட்டை நகர்த்தி வெற்றிடத்தில் எழுதுவது. இடம் போதாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் பிறகு அடிபட்டுப் படித்தேன்.

என் முதல் பிழை சத்தமே போடாத பிழை. நெட்கேட்டில் டிசிபி இணைப்பு ஒன்று எடுத்துப் பார்த்தேன், இணையவில்லை. டிசிபிடம்ப்பில் (பெக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டுகிற கருவி) பார்த்தால் மறுபக்க டனல் இன்டர்ஃபேசில் சின் பெக்கெட், அதாவது இணைப்பைத் தொடங்குகிற முதல் பெக்கெட், அழகாக வந்து இறங்குகிறது, பதில்தான் இல்லை. நான் ஒரு கிழமையாக டிசிபி பக்கம் தேடிக்கொண்டிருந்தேன், அண்ணா சொன்னதற்குப் பிறகுதான் எங்கே செத்தது என்று கேட்டேன். அதைக் கேட்கிற வழி கெர்னலிலேயே இருக்கிறது: கேஃப்ரீ_எஸ்கேபி என்ற ட்ரேஸ்பொயிண்டைத் திறந்தால், எறியப்படுகிற ஒவ்வொரு பெக்கெட்டுக்கும் ஒரு வரி எழுதும், எந்த ஃபங்ஷனில் எறிந்தது என்ற இடத்தோடு. புதிய கெர்னல்களில் காரணமும் சேர்ந்து வரும். எனக்கு வந்த காரணம், இந்த புரொட்டோகோலைக் கையாள யாரும் இல்லை என்பது. அதே வரியில் புரொட்டோகோல் இலக்கம் 8 என்று இருந்தது.

ஐபிவி4இன் ஈதர்டைப் (எந்த புரொட்டோகோல் என்று சொல்கிற இலக்கம்) ஹெக்ஸில் 0800, அதாவது 2048. வரவேண்டிய இடத்தில் 8 வந்திருக்கிறது. 0800ஐ பைட் திருப்பிப் போட்டால் 0008. நான் எஸ்கேபியின் புரொட்டோகோல் புலத்தில் இலக்கத்தைப் போடும்போது எச்டன்ஸ் (பைட்டுகளை நெட்வேர்க் வரிசைக்கு மாற்றுகிற ஃபங்ஷன்) போட மறந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். டிசிபிடம்ப் ஏன் காட்டியது என்றால், அது பெக்கெட்டைப் பிடிக்கிற இடம் புரொட்டோகோல் பார்த்துப் பிரிக்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிறது. டிசிபிடம்ப்பில் தெரிகிறது என்றால் பெக்கெட் அந்த வாசல் வரை வந்தது என்பது மட்டும்தான் அர்த்தம், உள்ளே போனது என்று எடுக்க வேண்டாம். இன்னொன்று, கெர்னலில் பிக் எண்டியன் (நெட்வேர்க் பாவிக்கிற பைட் வரிசை) எண்களுக்குத் தனி டைப் இருக்கிறது, மேக் கட்டளையில் சி=1 போட்டு, கோடைச் சரிபார்க்கிற ஸ்பார்ஸ் என்ற கருவியை ஓடவிட்டால் இந்தப் பிழையைக் கட்டும்போதே சொல்லியிருக்கும். தினமும் ஓடவிடுங்கள்.

இரண்டாவது பிழையைத்தான் நான் மறக்க மாட்டேன். டிசிபி நன்றாக ஓடுகிறது, கோப்புகூட அனுப்பிவிட்டேன், சந்தோசத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று பிங் (மறுபக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கிற கட்டளை) அடித்தேன். முதல் பிங்கிலேயே பனிக். எல்லோரும் பிங்கை வைத்துத்தான் தொடங்குவார்கள், பிங் ஓடி டிசிபி விழுவதைக் கேட்டிருக்கிறேன், இது தலைகீழ்.

சீரியல் கோப்பில் எஸ்கேபி_அண்டர்_பனிக் என்று ஒரு வரி. அதில் லென் 116, புட் 32, பிறகு ஹெட், டேட்டா முகவரிகள். இந்த வரியைப் பயந்து மூடிவிட வேண்டாம், இதில் எல்லாமே இருக்கிறது. சாதாரண பிங் 84 பைட்: 56 டேட்டா, 8 ஐசிஎம்பி (பிங் பாவிக்கிற புரொட்டோகோல்) ஹெடர், 20 ஐபி ஹெடர். அதோடு நான் ஒட்டிய 32 சேர்த்தால் 116. அப்படியென்றால் பனிக் ஆனது நான் ஹெடர் தள்ளிய அந்த இடத்தில்தான். ஹெட்டிலிருந்து டேட்டாவைக் கழித்தேன், பேப்பரில் ஹெக்ஸ் கழித்தல், 16 வந்தது. டேட்டா கோடு தாளின் இடது ஓரத்தைத் தாண்டி 16 பைட் வெளியே போயிருக்கிறது. இருந்த ஹெட்ரூம் 16, நான் கேட்டது 32.

அப்போ டிசிபி ஏன் ஓடியது? டிசிபி தன் எஸ்கேபியை எடுக்கும்போதே எல்லா வகை ஹெடருக்கும் போதுமான பெரிய இடத்தை முன்னால் விட்டுத்தான் எடுக்கிறது, 128 பைட்டுக்கும் மேல். பிங் போகிற பாதை அப்படி இல்லை, அது டிவைஸிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதை 16இன் மடங்காக்கி அவ்வளவுதான் விடும். என் டிவைஸ் எதுவும் சொல்லவில்லை, அதனால் 16. நீடட்_ஹெட்ரூம் என்று நெட் டிவைஸில் ஒரு புலம் இருக்கிறது, அதில் எனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்க வேண்டும். வயர்கார்ட், விஎக்ஸ்லான் டிரைவர்களைத் திறந்து பாருங்கள், அவையும் அதைத்தான் செய்கின்றன. அதோடு, சொன்னாலும் எல்லாரும் கேட்பார்கள் என்று நம்ப முடியாது, தள்ளுவதற்கு முன் எஸ்கேபி_கவ்_ஹெட்டைக் கூப்பிட்டால் இடம் போதாதபோது பெரிய இடம் எடுத்து மாற்றித் தரும்.

அந்த எஸ்கேபி_கவ்_ஹெட்டை மட்டும் முதலில் சேர்த்தேன், பிங் ஓடியது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கேசன் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கிற கெர்னல் கருவி) போட்டுக் கட்டியபோது, விடுவித்த நினைவகத்தைத் தொடுகிறாய் என்று ஒரு நீள அறிக்கை வந்தது. கேசன் அறிக்கையில் மூன்று அடுக்கு இருக்கும்: தொட்டது யார், அந்த நினைவகத்தை எடுத்தது யார், விடுவித்தது யார். நான் மூன்றாவதைத்தான் முதலில் வாசிப்பேன், நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். விடுவித்தது நான் கூப்பிட்ட அதே எஸ்கேபி_கவ்_ஹெட்தான். உள் ஐபி ஹெடரின் பொயிண்டரை ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தேன், நடுவில் பழைய இடம் போய்ப் புது இடம் வந்துவிட்டது, நான் கடைசியில் பழைய பொயிண்டரில் போய் ஐபி ஹெடரில் உள்ள டோஸ் பைட்டை வாசிக்கிறேன். கேசன் இல்லாமல் இது பெரும்பாலும் சரியான எண்ணையே தரும், அதுதான் பயம். எஸ்கேபியின் இடத்தை மாற்றக்கூடிய எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், பிஎஸ்கேபி_மே_புல்லும் அதில் சேர்த்தி, அதற்குப் பிறகு ஹெடர் பொயிண்டரைத் திரும்ப எடுங்கள். கெர்னலின் சொந்த சோர்ஸ் கோடில்கூட இந்த வகைப் பிழையைத் திருத்தின பெச்சுகளை நீங்கள் காணலாம். கேசனுக்கு நினைவகம் கூடத் தேவை, விர்ச்சுவல் மெஷினுக்கு 1 ஜிபியாவது கொடுங்கள். லொக் பிழைகளைப் பிடிக்கிற லொக்டெப்பையும் சேர்த்து வையுங்கள். இவை இரண்டும் இல்லாமல் ஒரு நாள்கூட எழுத வேண்டாம்.

பிரிண்ட்கே (கெர்னலுக்குள் செய்தி எழுதுகிற ஃபங்ஷன்) பற்றி: போடலாம், ஆனால் பெக்கெட்டுக்கு ஒரு வரி என்று போட்டால் சீரியல் கொன்சோல் மெதுவாகி, நேரத்தோடு சம்பந்தப்பட்ட பிழை மறைந்துவிடும். ட்ரேஸ்_பிரிண்ட்கே ரிங் பஃபரில் எழுதும், அது பாரமில்லை. கெர்னலுக்குள்ளேயே இருக்கிற எஃப்ட்ரேஸ் என்ற கருவியின் ஃபங்ஷன் கிராஃப் இன்னும் நல்லது, உங்கள் ஃபங்ஷனுக்குள் எது எதைக் கூப்பிட்டது என்று படிப்படியாகக் காட்டும், நான் டெவ்.சியை உண்மையில் படித்தது அந்த அவுட்புட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

அனுப்புகிற ஃபங்ஷனுக்குள் தூங்கக்கூடாது, அதாவது எதற்கும் காத்து நிற்கக்கூடாது. நினைவகம் கேட்டால் ஜிஎஃப்பி_அட்டொமிக் போட்டுக் கேளுங்கள், அது காத்திருக்காது.

வைவா, அதாவது புரொஜெக்டின் வாய்மொழிப் பரீட்சை. சோர்ஸ் கோடைக் காட்டியதை விட, தோற்ற இடங்களைக் காட்டியதுதான் எனக்கு உதவியது. ஒவ்வொரு பிழைக்கும் கொப்பியில் மூன்று வரி எழுதி வைத்திருந்தேன்: என்ன கண்டேன், எங்கே செத்தது, எப்படி உறுதிப்படுத்தினேன். ஒரு சேர், "டிசிபி ஓடி பிங் ஏன் விழுந்தது?" என்று கேட்டார், நான் 16, 32 என்று தாளைக் கீறியே காட்டினேன். அடுத்து எம்டியு (ஒரு பெக்கெட்டின் உச்ச அளவு) எவ்வளவு வைத்தீர் என்றார். 1500இலிருந்து 32 போக 1468, வைக்காவிட்டால் உள்ளே முழு அளவில் வருகிற பெக்கெட் வெளியே 1532 ஆகி, சின்ன பிங் ஓடும், கோப்பு அனுப்பும்போது தொங்கி நிற்கும் என்றேன். மூன்றாவது கேள்வி, அதே எஸ்கேபியை வேறு ஒருவரும் வைத்திருந்தால் நீர் ஹெடர் எழுதுவது அவருக்கும் தெரியாதா என்று. குளோன், அதாவது அதே டேட்டாவைப் பகிர்கிற இன்னொரு எஸ்கேபி, பற்றிய கேள்வி. எஸ்கேபி_கவ்_ஹெட் அதையும் பார்த்துக்கொள்ளும், ஹெடர் பகிரப்பட்டிருந்தால் இடம் போதுமாக இருந்தாலும் கொப்பி எடுக்கும், ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அது தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். வீட்டுக்கு வந்து டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, அனுப்புகிற பக்கத்தில் அது எஸ்கேபியைக் குளோன் பண்ணுவதை ட்ரேஸில் பார்த்த பிறகுதான் படுத்தேன். நீங்கள் அதை வைவாவுக்கு முதல் கிழமையே பார்த்துவிடுங்கள், டம்மி டிவைஸ் ஒன்றும் டிசிபிடம்ப்பும் போதும், பத்து நிமிட வேலை.