காய்ந்த முகத்துக்கு மூன்று சாமான் போதும்

வறண்ட சருமத்துக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். 10 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3-யின் ஒரு வகை), வைட்டமின் சி சீரம், ஒரு கொரியன் டோனர், அப்புறம் நத்தைச் சளி எசன்ஸ். என்னிடம் கேட்டால், முதல் ஒரு மாதத்துக்கு இதெல்லாம் கடையிலேயே இருக்கட்டும் என்பேன். கழுவ ஒன்று, தடவ ஒன்று, வெயிலுக்கு ஒன்று, அவ்வளவுதான். அதிலும் பாதிப் பலன், கண்டதையும் போட்டுக் கழுவுவதை நிறுத்தினாலே வந்துவிடும்.

முதலில் உங்களுடையது வறண்ட சருமம்தானா என்று பாருங்கள். முகம் கழுவி, துண்டால் ஒற்றி, எதுவும் தடவாமல் அரை மணி நேரம் சும்மா இருங்கள். கன்னம் இறுக்கிப் பிடிக்கிறதா, சிரித்தால் இழுக்கிறதா, மூக்கோரம் செதில் செதிலாக வருகிறதா, அப்படியென்றால் வறட்சிதான். நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் எண்ணெய் வழிந்து கன்னம் மட்டும் இழுக்கிறது என்றாலும் இதே முறைதான், க்ரீமுக்குப் பதில் கொஞ்சம் இலகுவான லோஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

"சென்னைப் புழுக்கத்தில் தோல் எப்படிங்க காயும்?" என்று கேட்பவர்கள் உண்டு. புழுக்கம் தெருவில்தான் இருக்கிறது. பகல் முழுக்க ஏசி ஆபீஸில், இரவு முழுக்க ஏசி அறையில் இருக்கிறோம், ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக் குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. போதாக்குறைக்குக் கொதிக்கக் கொதிக்க கீசர் தண்ணீர், அதுவும் பல வீடுகளில் உப்பு போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும், எவ்வளவு அலசினாலும் அதில் கொஞ்சம் தோலிலேயே தங்கிவிடும். குளித்து வந்ததும் கால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போவதில் இதற்கும் பங்கு உண்டு.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செத்த செல்கள் செங்கல், இடையில் இருக்கிற கொழுப்பு சிமெண்ட். அந்தக் கொழுப்பில் கிட்டத்தட்ட பாதி செராமைடு, மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். அது குறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். நல்ல தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், அமில-கார அளவான பிஹெச் கணக்கில் 5-ஐ ஒட்டி (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரத்தில் நிற்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை அதைப் போட்டு முகத்தைத் தேய்த்துவிட்டு, அப்புறம் விலை உயர்ந்த க்ரீம் தடவி என்ன பிரயோஜனம்?

பயத்தமாவு, கடலை மாவு கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு எண்ணெய்க் குளியலை யோசித்துப் பாருங்கள், உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறிவிட்டு, அந்த எண்ணெயை எடுக்கத்தான் சீயக்காயும் பயத்தமாவும். அங்கே மாவுக்குச் சரியான வேலை இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் காய்ந்து கிடக்கிற கன்னத்தில் தினமும் அதே மாவைப் போட்டுத் தேய்த்தால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். முல்தானி மெட்டி எண்ணெய் வழிகிற முகத்துக்கு ஓரளவு சரி, வறண்ட முகத்துக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைப் பற்றி எழுதக்கூட எனக்குப் பொறுமை இல்லை, அது சாதத்துக்குப் போகட்டும்.

சரி, கழுவுவது. காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில் மட்டும், சன்ஸ்க்ரீனும் தூசியும் போக, நுரை அதிகம் வராத, பால் மாதிரியோ க்ரீம் மாதிரியோ இருக்கிற ஒரு மென்மையான கிளென்சர். மெடிக்கல் ஷாப்பில் "வறண்ட சருமத்துக்கு, சோப்பு இல்லாத கிளென்சர்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கழுவிய பிறகு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கிறீச்சென்று இருந்தால் சுத்தம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள், வறண்ட சருமத்தில் அந்தக் கிறீச் வந்தாலே அந்தப் பாட்டிலை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். சாலிசிலிக் அமிலம் போட்ட ஃபேஸ்வாஷ் பருக்காரர்களுக்கு, உங்களுக்கு அல்ல. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

இனி மாய்ஸ்சரைசர். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டப்பாவின் பின்பக்கம் இருக்கிற பெயர்கள் மிரட்டினாலும் அவை செய்கிற வேலை மூன்றே வகைதான். கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், யூரியா எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைப்பவை. செராமைடு, ஷியா பட்டர் போன்றவை செல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பி மெத்தென்று ஆக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் எல்லாம் மேலே மூடி போட்டு ஆவியாகாமல் தடுப்பவை. நல்ல க்ரீமில் மூன்றும் கலந்து இருக்கும். வெறும் ஹயலுரானிக் சீரத்தை மட்டும் தடவிவிட்டு ஏசியில் போய் உட்கார்ந்தால் இன்னும் இழுக்கத்தான் செய்யும், மேலே மூடி இல்லையே. கிளிசரினுக்கு ஹயலுரானிக் அளவுக்கு விளம்பரம் இல்லை, ஆனால் விலை மலிவு, வேலை கெட்டி. மருந்துக்கடையில் தனியாக விற்கிற கிளிசரினை மட்டும் அப்படியே அப்பாதீர்கள், தண்ணீரோ பன்னீரோ கலந்துதான் தடவ வேண்டும்.

எந்த க்ரீம் என்பதைவிட எப்போது தடவுகிறோம் என்பது முக்கியம். குளித்த பிறகு முகத்தில் ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள். முழுக்கத் துடைத்து, தலை சீவி, புடவை கட்டி, அப்புறம் தடவினால் பிடித்து வைக்க ஈரமே மிச்சம் இருக்காது. பொருள் பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துவிட்டுப் பயந்து வைத்துவிடாதீர்கள். அது கொழுப்பு வகை, தோலுக்கு நல்லதுதான். ஆல்கஹால் டீனேச்சர்ட் என்று முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அதுதான் காய வைக்கிற ஆசாமி. மல்லிகை மணக்கிற க்ரீமும் வேண்டாம், வாசனை சேர்க்காததாகப் பாருங்கள்.

"தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. கை காலுக்குத் தாராளமாகத் தடவுங்கள், அதுவும் குளித்த ஈரத்தோடு. மூடி போடுகிற வேலையை அது நன்றாகவே செய்யும். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வேலை அதற்குத் தெரியாது. முகத்தில் பரு வருகிற உடம்புக்காரர்களுக்குத் துளைகளை அடைத்து இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும்.

சன்ஸ்க்ரீனில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 போதுமா, 50 வேண்டுமா என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கிறது. போதிய அளவு பூசினால் 30 சுமார் 97 சதவீத யுவி-பி கதிரை, அதாவது தோலைச் சிவக்கச் சுடுகிற வெயில் கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. பிரச்சினை அளவில்தான் இருக்கிறது, நம்மில் பலர் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுக் கிளம்புகிறோம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே அலைகிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மேட், ஜெல் என்று எழுதியதை விட்டுவிட்டு க்ரீமாக வாங்குங்கள். மாநிறத்தில் சாம்பல் பூசியது போலத் தெரிகிறதா என்று கடையிலேயே தாடையோரம் தடவிப் பாருங்கள்.

கொஞ்சம் கோபமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. முகத்துக்கு க்ரீம் என்று கேட்டால் சில கடைகளில் ஒரு சின்ன டியூபை நீட்டுகிறார்கள், ஒரே வாரத்தில் முகம் பளபளவென்று ஆகும் என்று பக்கத்து வீட்டு அக்காவும் சாட்சி சொல்வார். டியூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் இந்த வகைக் களிம்புகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். மருத்துவர் ஒரு நோய்க்கு அளவு சொல்லிக் கொடுப்பது வேறு, இது வேறு.

புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், அரித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு மாதம் கழித்து ஆசை விடவில்லை என்றால் நியாசினமைடு சேர்க்கலாம், 4 அல்லது 5 சதவீதமே போதும். ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ வகை இன்னும் தள்ளியே இருக்கட்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது.

கால்களுக்கு 10 சதவீத யூரியா க்ரீம் நன்றாக வேலை செய்யும், பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் மட்டும் எரியும், அங்கே முதலில் வாஸ்லின் தடவி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். இவ்வளவும் செய்தும் வறட்சி குறையவில்லை, கூடவே களைப்பு, முடி கொட்டுதல், எடை ஏறுதல் என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரவில் தூங்க விடாத அரிப்பும், வெடித்து நீர் கசிகிற தோலும் இருந்தால் க்ரீம் மாற்றிக்கொண்டே இருக்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.